பலகை சுமந்தவன்

நீண்ட பலகை ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் நடந்து செல்பவனை நாம் பார்த்திருக்கிறோம். பலகை வலத்தோளில் இருந்தால், வலப்புறம் வருவோர் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடப்புறம் உள்ள அனைத்தும் தெளிவாகவே தெரிகின்றன. தனக்குத் தெரிகின்ற பாதித் தெருவே முழுத் தெரு என்று அவன் எண்ணிக்கொண்டால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் பொய்யன் அல்லன். கண் பழுதுற்றவனும் அல்லன். கண்டதைத் திரித்துச் சொல்பவனும் அல்லன். அவன் சுமக்கின்ற பொருளே அவனுக்கும் உலகின் மறுபாதிக்கும் இடையே சுவராக நிற்கிறது.

இத்தகைய மனிதனுக்குச் சீனர்கள் ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். 'தான் பான் ஹான்' என்பது அப்பெயர். 'பலகை சுமக்கும் ஆள்' என்பது அதன் நேர்ப்பொருள். ஜப்பானியர் இதனையே 'தன்பன்கான்' என ஒலிப்பர். ஒரு பக்கத்தை மட்டுமே கண்டு, மறுபக்கம் ஒன்று உண்டு என்பதையே மறந்துவிட்டவனை இச்சொல் சுட்டும். பௌத்த மடங்களில் வழங்கிய சொல் இது. தாங் மரபினர் சீனத்தை ஆண்ட 9ஆம் நூற்றாண்டில், மூசௌ என்னும் ஊரில் ஒரு முதிய துறவி வாழ்ந்தார். ஊர்ப்பெயரே அவருக்குப் பெயராக நிலைத்தது. புல்லால் செருப்பு முடைந்து, அதைக் கொண்டு தம் தாயைப் பேணியவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். அவரிடம் வந்த துறவி ஒருவரை அவர் விளித்தார். வந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். உடனே, பலகை சுமக்கும் ஆள் என்று சொல்லிவிட்டார் முதியவர். கதை அவ்வளவே. விளக்கம் ஏதும் இல்லை. கேட்டவர் தம் தோளைத் தாமே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாமும் நம் தோளைத் தடவிப் பார்க்கும் நோக்கத்தோடுதான் இச்சொல்லை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். நம் முன் உள்ள வினா இது: பலகை சுமப்பது குற்றமா? கொள்கை உடையவன், மார்க்கம் உடையவன், தான் கற்றதில் உறுதி உடையவன் எவனும் ஏதோ ஒரு பலகையைச் சுமப்பவனே. அப்பலகையை வீசி எறிந்துவிட்டு வெறுந்தோளோடு நடப்பவனுக்கே தெளிந்த பார்வை வாய்க்கும் என்று இன்று ஒரு சாரார் கூறுகின்றனர். எதிலும் உறுதி கொள்ளாமையே அறிவு என்பது அவர்தம் கட்சி. பலகை நம் தோளில் இருக்கும்போது மறுபக்கத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். பாராமையே உறுதி என்பது இவர்தம் கட்சி. இவ்விரண்டில் ஒன்றைத்தான் மனிதன் தேர்ந்துகொள்ள வேண்டுமா?

சீனரும் ஜப்பானியரும் மரத்தோடு நெருங்கி வாழ்ந்த மக்கள். வீடும் கோயிலும் பாலமும் படகும் அவர்களுக்கு மரத்தால் ஆயின. நூல்களையும் நெடுங்காலம் மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கியே அச்சிட்டனர். அவர்கள் பேச்சில் பலகை புகாத துறை அரிது. அவர்களுடைய பலகைச் சொற்களையும் பழமொழிகளையும் துணைகொண்டே இவ்வினாவை ஆராய்வோம்.

பலகையைச் சீனர் 'பான்' என்பர். அதனை எழுதும் எழுத்தின் இடப்பக்கத்தில் மரத்தைக் குறிக்கும் உறுப்பும், வலப்பக்கத்தில் ஒலியைக் காட்டும் உறுப்பும் இருக்கும். ஜப்பானியர் அவ்வெழுத்தையே ஏற்றுக்கொண்டு, தம் சொந்தச் சொல்லான 'இதா' என்றும், சீன ஒலியை ஒட்டி 'ஹன்', 'பன்' என்றும் இடத்திற்கேற்ப வாசிக்கின்றனர். எழுத்திலேயே மரம் நிற்கிறது. ஆயினும் மரம் வேறு, பலகை வேறு. காட்டில் நிற்கும் மரத்திற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லை. எத்திசையிலிருந்து நோக்கினும் அது மரமே. வாள் பட்டுப் பலகையான பிறகுதான் அதற்கு முகமும் முதுகும் உண்டாகின்றன. அதன் பிறகு ஒரு பக்கத்தைப் பார்ப்பவன் மறுபக்கத்தைப் பார்க்க முடிவதில்லை. ஆனால் மரத்தை எவனும் தோளில் சுமந்து வீட்டிற்குக் கொண்டுவர முடியாது. கதவுக்கும் கட்டிலுக்கும் உதவுவது பலகையே. மனிதன் பெறுகின்ற அறிவும் இத்தகையதே. உண்மை முழுமையாக இருக்கிறது. நம் தோளின் அகலத்திற்கும் வலிமைக்கும் ஏற்ற அளவு அறுத்தே நாம் அதைக் கொண்டுவருகிறோம்.

இவ்விடத்தில் அரபு மொழியின் ஒரு சொல் நம் நினைவுக்கு வருகிறது. 'லவ்ஹு' என்றால் பலகை. நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலைத் திருக்குர்ஆனின் 54ஆம் அத்தியாயம் பெயர் சொல்லாமல், பலகைகளும் ஆணிகளும் கொண்டது என்றே குறிப்பிடுகிறது. அங்கே வரும் சொல் லவ்ஹு என்பதன் பன்மை. நபி மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட கட்டளைகள் எழுதப்பெற்ற பலகைகளும் அதே சொல்லால் சுட்டப்படுகின்றன. அனைத்தும் பதிவாகியுள்ள லவ்ஹுல் மஹ்ஃபூள், அதாவது பாதுகாக்கப்பட்ட பலகை, இறைவனிடம் இருக்கிறது. முழுப் பலகை அவனிடம் இருக்கையில், நம் தோளில் இருப்பது ஒரு துண்டே என்பதை உணர்வது ஈமானுக்குக் குறைவு ஆகாது. அதுவே ஈமான் கற்பிக்கும் பணிவு.

இனி, உறுதியைச் சீனர் எவ்வாறு மதிக்கின்றனர் என்று பார்ப்போம். அசைவற்ற, இணக்கமற்ற, எந்தச் சூழலுக்கும் வளைந்து கொடாத மனிதனையோ முறையையோ அவர்கள் 'சி பான்' என்பர். 'செத்த பலகை' என்பது பொருள். இதைக் கேட்டு, உறுதியையே அவர்கள் இகழ்கின்றனர் என்று முடிவு கட்டிவிடலாகாது. இனி மாற்றமில்லை என்று தீர்ந்துவிட்ட செய்தியை, 'பலகையில் அறைந்த ஆணி' என்று அவர்களே உவப்போடு சொல்வர். ஒழுங்கும் நிதானமும் தவறாத செயலை 'யி பான் யி யான்' என்று பாராட்டுவர். 'ஒரு பலகை, ஒரு கண்' என்பது அதன் சொற்பொருள். சீன இசை நாடகத்தில் பலகைத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தாளக்கருவி ஒன்று உண்டு. அழுத்தமான தாள அடி 'பலகை' எனப்படும். இடையில் வரும் மெல்லிய அடி 'கண்' எனப்படும். இரண்டும் முறையாக மாறி மாறி வந்தால் பாட்டு நிற்கும். தாளம் தவறிப் பாடுவதைப் 'பலகையை விட்டு ஓடுதல்' என்னும் பொருள்பட இகழ்வர்.

செத்த பலகையும் பலகையே, தாளப் பலகையும் பலகையே. இரண்டும் மரத்தால் ஆனவை. இரண்டும் வளையாதவை. எனின், ஒன்று ஏன் இகழ்ச்சியாயிற்று, மற்றொன்று ஏன் புகழ்ச்சியாயிற்று? தாளப் பலகை ஒலிக்கிறது, பிறகு ஓய்கிறது. ஓய்கின்ற இடத்தில் கண்ணுக்கு இடம் விடுகிறது. ஓயாமல் பலகையையே தட்டிக்கொண்டிருப்பவனிடம் தாளம் பிறப்பதில்லை, இரைச்சலே பிறக்கும். நம் உறுதியும் தன் கருத்தை ஒலித்துவிட்டு, பிறர் கருத்துக்குச் செவி கொடுக்கும் இடைவெளியை விடுமானால், அது உயிருள்ள உறுதி. அவ்விடைவெளியை விடத் தெரியாத உறுதிக்குச் சீனர் வைத்த பெயரே செத்த பலகை என்று நாம் கொள்ளலாம்.

பேச்சைப் பற்றிய இரு பலகைப் பழமொழிகள் ஜப்பானியரிடம் உள்ளன. தங்குதடையின்றிப் பொழியும் சொல்வன்மையை, 'ததே இதா நி மிசு' என்பர். 'நிமிர்த்திய பலகையில் நீர்' என்பது பொருள். செங்குத்தாக நிறுத்திய பலகையில் ஊற்றிய நீர் எத்துணை விரைவாக வழிந்தோடும்! அதற்கு எதிராக, தட்டுத் தடுமாறிப் பேசுபவனின் பேச்சை, 'யோகோ இதா நி அமதாரே', அதாவது 'கிடத்திய பலகையில் கூரைச் சொட்டு' என்பர். முன்னது புகழ், பின்னது இகழ் என்பதே வழக்கு. ஆயினும், இவ்வுவமையைச் சற்றே ஊன்றி நோக்கும்போது வேறொன்றும் புலப்படுகிறது. நிமிர்த்திய பலகையில் ஓடிய நீர் பலகையில் தங்குவதில்லை. கிடத்திய பலகையில் விழுந்த சொட்டு அங்கேயே நின்று, மெல்ல ஊறி, மரத்திற்குள் இறங்குகிறது. மேடையில் நீரோட்டமாகப் பேசி, எதிர்க்கட்சியை மடக்கிவிட்டு இறங்குபவர்களை நாம் கண்டிருக்கிறோம். அன்றிரவு கைதட்டியவர்கள் மறுநாள் எதை நினைவில் வைத்திருந்தார்கள்? ஒரு பக்கத்தை மட்டும் காண்பவனுக்குப் பேச்சு தடைப்படுவதே இல்லை. தடைப்படுத்துவதற்கு மறுபக்கத்திலிருந்து எதுவும் அவன் கண்ணில் படுவதில்லை அன்றோ! தயங்கித் தயங்கிப் பேசுபவன் அறிவில் குறைந்தவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருபக்கமும் பார்த்தவனாகவும் இருக்கலாம்.

இருபக்கமும் பார்ப்பவனுக்கு நேரும் துன்பத்திற்கும் ஜப்பானியர் ஒரு பலகைச் சொல்லே வைத்துள்ளனர். 'இதாபசாமி' என்பது அது. இரு பலகைகளுக்கு இடையில் அகப்பட்டு நசுங்குவது என்று பொருள். இரு கடமைகள், இரு உறவுகள், இரு நியாயங்கள் இருபுறமும் நெருக்க, நடுவில் நிற்பவனின் நிலை அது. அவர்கள் வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டாகப் பலரும் கூறுவது தைரா குலத்துச் சிகெமோரியின் வாழ்வு. அவர் 1138 முதல் 1179 வரை வாழ்ந்தவர். அவருடைய தந்தை கியோமோரி அந்நாளில் ஜப்பானின் பெருவலிமை படைத்த தலைவர். 1177ஆம் ஆண்டில், தம் குலத்திற்கு எதிரான சதி ஒன்று வெளிப்பட்டபோது, துறவு பூண்ட முன்னாள் பேரரசர் கோ-சிரகாவா மீதே கை வைக்கக் கியோமோரி துணிந்தார். மகன் எப்பக்கம் நிற்பது? அரசருக்கு உண்மையாயிருந்தால் தந்தைக்குப் பிள்ளையாக இருக்க முடியாது. தந்தைக்குப் பணிந்தால் அரசருக்குத் துரோகியாவார். எவருக்கு எதிராகவும் வாளை உருவாமல், தந்தையின் முன் சென்று அவர் வாதாடித் தடுத்தார் என்று 'ஹெய்கே மொனொகதாரி' என்னும் பழங்கதை விரித்துரைக்கிறது. தந்தை அப்போதைக்கு அடங்கினார். 1179இல் மகன் இறந்தார். அவ்வாண்டிலேயே கியோமோரி முன்னாள் பேரரசரைக் காவலில் வைத்துவிட்டார்.

ஒரே ஒரு மனிதர் இருபக்கமும் பார்த்ததால் ஓர் ஆட்சியின் பெருங்கேடு ஈராண்டுகள் தள்ளிப்போயிற்று என்று இதனைக் கொள்ளலாம். நசுங்கியவர் அவர். ஆனால் அவர் நசுங்கி நின்ற இடத்தில்தான் இரு பலகைகளும் மோதாமல் இருந்தன. பெற்றோருக்கும் கொள்கைக்கும் இடையில் அகப்பட்டவனுக்குத் திருக்குர்ஆன் லுக்மான் அத்தியாயத்தில் காட்டும் வழியும் இங்கே எண்ணத்தக்கது. இறைவனுக்கு இணைவைக்குமாறு பெற்றோர் வற்புறுத்தினால் அவர்களுக்குக் கீழ்ப்படியலாகாது. எனினும் இவ்வுலக வாழ்வில் அவர்களோடு நல்ல முறையில் ஒழுக வேண்டும். கொள்கையில் ஓர் அணுவும் தளராமை ஒருபுறம், உறவில் ஓர் இழையும் அறாமை மறுபுறம். இரண்டையும் ஒருவனே செய்ய வேண்டும் என்று இறைவன் கட்டளையிடுகிறான். இரண்டும் ஒன்றாக இயலாதவை எனில், அவன் கட்டளையிட்டிருக்க மாட்டான்.

பலகை சுமப்போர் இருவர் ஒரு குறுகிய சந்தில் எதிரெதிரே வந்தால் என்ன நேரும் என்பதற்குச் சீனத்து முஸ்லிம்களின் வரலாற்றிலேயே துயரமான சான்று ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் வடமேற்குப் பகுதியில் மா லைச்சி என்னும் பெரியார் குஃபிய்யா நெறியைப் பரப்பினார். அந்நெறியினர் இறைவனை மௌனமாக நினைவுகூர்ந்து திக்ரு செய்தனர். அவருக்குப் பின்னர், எமனில் கல்வி கற்றுத் திரும்பிய மா மிங்சின் என்னும் பெரியார் ஜஹ்ரிய்யா நெறியைப் பரப்பினார். இவர்கள் உரத்த குரலில் திக்ரு செய்தனர். இரண்டும் நக்ஷபந்தி தரீக்காவின் கிளைகளே. இறைவன் ஒருவன், தூதர் ஒருவர், வேதம் ஒன்று, தரீக்காவும் ஒன்று. ஆயினும் சலார் இன முஸ்லிம்கள் வாழ்ந்த சுன்ஹுவா பகுதியில் இரு தரப்பாருக்கும் பகை மூண்டது. திக்ரு மட்டுமே காரணம் அன்று. தலைமைப் போட்டியும், எத்தரப்புக்கு எத்துணைக் குடும்பங்கள் என்னும் கணக்கும் அதனுள் கலந்திருந்தன. 1781ஆம் ஆண்டில் அது கொலையாக முற்றியது. அரசுப் படை தலையிட்டது. கலகம் பரவியது. மா மிங்சின் லாஞ்சௌ நகரில் கொல்லப்பட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் பெருந்தொகையாக மாண்டனர். மெல்லிய குரலா, உரத்த குரலா என்று தொடங்கிய பிணக்கு, குரலே இல்லாத மையவாடியில் போய் முடிந்தது.

அதே சீனத்தில், ஷியான் நகரில், புகழ்பெற்ற பெரிய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. மிங் மரபினர் காலத்து அமைப்பை இன்றும் காட்டி நிற்பது அது. அதன் தொழுகைக் கூடத்து உட்சுவர்களில் திருக்குர்ஆன் முழுவதையும் மரப்பலகைகளில் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். தொழ வருபவன் எப்பக்கம் நின்றாலும் ஏதேனும் சில பலகைகளே அவன் கண்ணுக்கு எதிரே இருக்கும். மற்றவை அவன் முதுகுக்குப் பின்னும் பக்கங்களிலும் இருக்கும். அவற்றையும் சேர்த்துத்தான் வேதம் முழுமை பெறுகிறது. தன் கண்ணெதிரே உள்ள பலகையே வேதம், அடுத்தவன் எதிரே உள்ளது வேறு என்று அங்கே நிற்பவன் எவனும் சொல்லமாட்டான். பள்ளிவாசலுக்குள் எளிதாக விளங்கும் இவ்வுண்மை, வெளியே வந்து செருப்பை மாட்டியதும் நமக்கு மறந்துவிடுவதுதான் விந்தை.

பலகையைத் தோளில் ஏற்றும்போது அது பார்வையை மறைக்கிறது. அதனையே காலுக்குக் கீழே இட்டால் என்னவாகும்? ஜப்பானியர், ஒருவனுக்கு ஒரு தொழிலோ ஒரு பண்போ நன்கு படிந்துவிட்டதை 'இதா நி சுகு' என்பர். 'பலகையோடு ஒட்டிவிட்டது' என்பது பொருள். இங்கே பலகை என்பது நாடக மேடை. பலகாலம் மேடையில் நின்று பழகிய நடிகனின் அசைவு மேடைக்கு இயல்பாகப் பொருந்திவிடும். அவன் மேடையைச் சுமப்பதில்லை, அதன்மீது நிற்கிறான். கொள்கையும் இவ்வாறு ஒருவன் ஒழுக்கத்தில் படிந்துவிட்டால், அதை அவன் பிறர் முகத்தின் முன் நீட்டிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. அவன் நிற்கும் நிலையிலிருந்தே அது தெரியும். நம் வீட்டு மூதாட்டியர் பலர் இத்தகையவர்களாக இருந்தனர். அவர்கள் மார்க்கத்தைப் பற்றி வாதாடி நாம் கேட்டதில்லை. ஆயினும் மார்க்கம் என்றால் என்ன என்பதை அவர்கள் முகத்தில் கண்டோம்.

காலடிப் பலகையைப் பற்றிய இன்னொரு பழமொழி கடலோடிகளுடையது. 'இதாகோ இச்சிமாய் ஷித வா ஜிகோகு' என்று அவர்கள் சொல்வர். 'படகின் பலகை ஒன்று, அதற்குக் கீழே நரகம்' என்பது பொருள். கடல் தொழிலின் அபாயத்தை உணர்த்த எழுந்த மொழி இது. ஒரு விரற்கடைப் பருமனே அவர்களுக்கும் ஆழத்திற்கும் இடையில் உள்ளது. இங்கே பலகை ஒருவனுக்கு மட்டும் உரிய சுமை அன்று. படகில் உள்ள அனைவரையும் தாங்கும் தளம்.

இதனைப் படிக்கும்போது, நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் நபிமொழி நம் உள்ளத்தில் எழாமல் போகாது. ஒரு கப்பலில் மேல்தளத்தில் சிலரும் கீழ்த்தளத்தில் சிலரும் இடம் பெற்றனர். கீழே இருந்தவர்கள் நீருக்காக மேலே வந்து போக வேண்டியிருந்தது. மேலிருப்பவர்களுக்குத் தொல்லை தராமல் நம் பகுதியிலேயே ஒரு துளை இட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினர். அவர்களை அவ்வாறே விட்டுவிட்டால் எல்லோரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். இதுவே பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய உவமை. துளையிட நினைத்தவர்களின் எண்ணம் தீயது அன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்பதே அவர்கள் கருத்து. அவர்களும் பலகை சுமந்தவர்களே. தங்கள் தாகமும் தங்கள் பகுதியும் தெரிந்தன, கடல் தெரியவில்லை. அதேபோல், கீழிருப்பவர்களின் தாகம் தங்கள் கண்ணில் படாமல் மேலிருந்தவர்கள் வாழ்ந்ததும் கதையின் உள்ளே இருக்கிறது. மேலே உள்ளவர்கள் நீரை முகந்து கீழே கொடுத்திருந்தால், துளையிடும் எண்ணமே பிறந்திராது என்று சிந்திப்பதற்கும் அவ்வுவமை இடந்தருகிறது.

ஆழ்கடலைக் கடந்த நூஹ் நபியின் கப்பல் பலகைகளால் மட்டும் ஆனது என்று வேதம் சொல்லவில்லை. ஆணிகளையும் சேர்த்தே சொல்கிறது. தனித்தனிப் பலகைகள் எத்துணை நேர்த்தியாக இருந்தாலும், ஒன்றோடொன்று பிணைக்கப்படாதவரை அவை மிதக்கும் கட்டைகளே, கப்பல் அல்ல. இக்காலச் சீனர் வாயில் அடிக்கடி வழங்கும் 'துவான் பான்', அதாவது 'குட்டைப் பலகை' என்னும் சொல்லும் இதனோடு எண்ணத்தக்கது. பலகைகளை வட்டமாகச் சேர்த்துக் கட்டிய வாளியில், மிகக் குட்டையான பலகையின் உயரம் வரைதான் நீர் நிற்கும். மற்றவை எவ்வளவு உயரமானாலும் பயனில்லை. பயிரின் வளர்ச்சி, மிகக் குறைவாகக் கிடைக்கும் சத்தின் அளவையே பொறுத்தது என்னும் விதியை விளக்க எழுந்த பீப்பாய் உவமையோடு ஒத்தது இது. அவ்விதி 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய வேதியியலார் லீபிக்கின் பெயரால் வழங்குகிறது. சீனர் இச்சொல்லை ஒருவரது அல்லது ஒரு நிறுவனத்தின் குறைபாட்டைச் சுட்டப் பயன்படுத்துவர். குறைபாட்டைச் சீர்செய்வதைக் 'குட்டைப் பலகையை நிரப்புதல்' என்பர். குடும்பத்திலும் ஜமாஅத்திலும் குட்டைப் பலகை எது என்று விரல் நீட்டுவதில் நாம் வல்லவர்கள். வாளி நம் அனைவருக்கும் பொது, நீர் போனால் நமக்கும் தாகமே என்பது மட்டும் நினைவில் நிற்பதில்லை.

இனி நாம் எழுப்பிய வினாவிற்குத் திரும்புவோம். பலகையை எறிந்துவிடுவதா, சுமந்துகொண்டே மறுபக்கம் பாராமல் நடப்பதா? மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில், அல்அஃராஃப் அத்தியாயத்தில் வரும் ஒரு காட்சி நமக்கு வழிகாட்டுகிறது. இறைவனிடமிருந்து பெற்ற பலகைகளோடு அவர்கள் திரும்பி வந்தபோது, சமூகம் காளைக்கன்றை வணங்கிக்கொண்டிருந்தது. இறைவனுக்காக எழுந்த சினத்தோடு பலகைகளைக் கீழே போட்டுவிட்டுத் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களின் தலையைப் பற்றி இழுத்தார்கள். தாய் வயிற்றுச் சகோதரர் தம் பக்கத்தைச் சொன்னார்கள். மக்கள் தம்மைப் பலவீனராகக் கருதியதையும், கொன்றுவிட முற்பட்டதையும் எடுத்துரைத்தார்கள். மூஸா நபி கேட்டார்கள். தமக்காகவும் தம் சகோதரருக்காகவும் சேர்த்தே மன்னிப்பு வேண்டினார்கள். சினம் தணிந்த பின்னர், பலகைகளை மீண்டும் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்பலகைகளில் வழிகாட்டலும் அருளும் இருந்தன என்று வேதம் கூறுகிறது.

நபிமார்களின் செயலை எடைபோட நாம் யார்? பாடம் எடுத்துக்கொள்வது மட்டுமே நமக்கு உரியது. பலகைகள் தரையில் இருந்த அச்சிறு பொழுதில் சகோதரரின் சொல் கேட்கப்பட்டது. கேட்ட பிறகு பலகைகள் தரையிலேயே விடப்படவும் இல்லை. எழுதியிருந்ததில் ஓர் எழுத்தும் குறையவில்லை. சகோதரனின் பக்கத்தைக் கேட்டுவிட்டால் நம் மார்க்கம் குறைந்துபோய்விடும் என்று அஞ்சுபவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். சகோதரனைக் கேட்பதற்காக மார்க்கத்தையே விட்டுவிட வேண்டும் என்பவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பலகை சுமந்தவனின் கதைக்கும் இதுவே விடை என்று நமக்குத் தோன்றுகிறது. அவனுக்கு வேண்டியது வெறுந்தோள் அன்று. பலகை வீட்டிற்கு வேண்டியது, அதைச் சுமந்தே தீர வேண்டும். அவன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிறிது நின்று, இறக்கி வைத்து, மறுதோளுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது இதுவரை காணாத பக்கம் தெரியும். பலகையின் நீளமும் கனமும் மாறுவதில்லை. தோளும் சற்று இளைப்பாறும்.

பலகையைப் பற்றிய பேச்சு இறுதியில் எல்லா மொழிகளிலும் ஓரிடத்திற்கே வந்து சேர்கிறது. எதிர்பாராத பெருந்தீங்கைச் சீனர் 'மூன்று நெட்டை, இரண்டு குட்டை' என்பர். மூடியைத் தவிர்த்துப் பிணப்பெட்டிக்கு மூன்று நீண்ட பலகைகளும் இரண்டு குறுகிய பலகைகளும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. 'காய் குவான் லுன் திங்' என்னும் முதுமொழியும் அவர்களிடம் உண்டு. பெட்டியின் மூடிப் பலகை விழுந்த பிறகே ஒரு மனிதனைப் பற்றிய தீர்ப்பு முடிவாகும் என்பது பொருள். ஜப்பானியரும் இதனை ஏற்று வழங்குகின்றனர். உயிரோடு இருப்பவனை இன்னான் என்று முடிவு கட்டாதே என்னும் எச்சரிக்கை அதில் உள்ளது. நாம் அதனினும் ஓர் அடி மேலே செல்லக் கடமைப்பட்டவர்கள். கபுறின்மீது பலகை அடுக்கி மண்ணைத் தள்ளிய பிறகும் தீர்ப்பு நம்முடையது அன்று. பலகையின் இப்புறம் நிற்கும் நாம் அப்புறத்தைக் காண்பதில்லை. இருபுறமும் காண்பவன் ஒருவனே.

அந்நாளுக்கு முன்னர், ஜனாஸாவைச் சுமக்கும் நம் வழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சந்தூக்கின் ஒரு மூலையையே ஒருவர் இறுதிவரை பற்றிக்கொள்வதில்லை. முன்னும் பின்னும், வலமும் இடமும் மாறி மாறித் தோள் கொடுக்கிறோம். நான்கு மூலைகளிலும் சுமப்பது சிறப்பு என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் பலர் எழுதியும் வைத்துள்ளனர். வாழ்நாளெல்லாம் ஒரே தோளில் பலகை சுமந்து, எதிர்ப்பக்கத்தானோடு முகங்கொடுத்துப் பேசாதவனும், அந்தச் சில நூறு அடிகளில் தோள் மாற்றுகிறான். எதிர்ப்பக்கத்தானும் மாற்றுகிறான். மாறும்போது இருவர் முகமும் ஒரு நொடி எதிர்ப்படுகின்றன. உள்ளே கிடப்பவருக்கு இனி எப்பக்கமும் இல்லை.

மௌத்தின் ஊர்வலத்தில் நாம் அறிந்து செய்கின்ற இந்தத் தோள் மாற்றுதலை, ஹயாத்தோடு இருக்கும்போதே ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வல்ல நாயன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.